முன்பல்லின் மூலை

ஒரு வாயில் ஒரு முன்பல் இருந்தது. அந்த வாய்க்காரி மரகதவல்லிக்கு ஹேர்பின்னைப் பல்லால் கடித்துப் பிரிக்கும் பழக்கம். அப்படி ஒருநாள் பிரித்தபோது முன்பல்லின் மூலை தெறித்துப் போனது. அங்கே பல்லின் நிறத்திலேயே ஓர் அடைப்பு வந்து குடியேறியது. நிறப் பொருத்தம் எப்படியென்றால், மூலை உடைந்த கதையைப் பக்கத்துப் பற்களே மறந்துவிட்டன.

மகனுக்குப் பெண் பார்க்கப் போகுமுன் மரகதவல்லி பல் சுத்தம் செய்யப் போனாள்.

"எங்கேயாவது அடைச்சிருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர் பெனிட்டா.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். எல்லாம் என் சொந்தப் பல்லு."

சுத்தம் செய்யும் கருவி தண்ணீரைப் பீச்சிக்கொண்டு உள்ளே வந்தது. "அடைப்பு யாராவது இருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க. மெதுவாப் போறேன், பின்னால வர்ற மெருகுப் பசையையும் நைசா வரச் சொல்றேன். எல்லாம் பல்லுதான்னா சொரசொரப்புப் பசைதான் வரும்."

"சொல்லித் தொலையேன்!" என்று முன்பல் பல்லைக் கடித்தது.

"எதுக்கு? என்னைப் பார்த்தா அடைப்பு மாதிரியா இருக்கு?"

"இல்லையே, அதுதானே வம்பு! நான் தாங்குவேன். நீ கீறிப்போயிடுவே."

"நானும் பல்லுதான்."

"ஐயோ, உன்னோட குடித்தனம் பண்றதுக்கு நான் விழுந்தே போயிருக்கலாம்!"

அதற்குள் கருவி அழுத்தித் தேய்த்துவிட்டது. பின்னால் வந்த பசையும் தன் பங்குக்கு உராய்ந்தது. பற்கள் பளிச்சென்றன. அடைப்பு மட்டும் மங்கிப்போய், மெல்லிய கீறல்களோடு உட்கார்ந்திருந்தது.

மறுநாளே டீக்கறை வந்தது. முன்பெல்லாம் வழுக்கிக்கொண்டே போய்விடும். இப்போது, "அட, உட்கார இடம் போட்டிருக்காங்களே!" என்று கீறல்களில் சப்பணம் போட்டது.

பெண் வீட்டில் மரகதவல்லி வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தாள். மறுபடி டாக்டரிடம் ஓடினாள்.

"அடைப்புன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? இப்ப மெருகு போட்டுப் பார்க்கிறேன். சரிவரலேன்னா, குடைஞ்சு எடுத்துட்டுப் புதுசுதான் வைக்கணும்."

முன்பல் கொதித்தது. "கேட்டியா? குடையப் போறாங்களாம்! உன்னை மட்டுமா, என்னையும் சேர்த்து! தலையால அடிச்சுக்கிட்டேனே, சொல்லு சொல்லுன்னு!"

அடைப்பு களைத்த குரலில் கேட்டது. "நான்தான் வீம்புக்குச் சொல்லல. கருவி எல்லாரையும்தானே கேட்டுது? நீ ஏன் சொல்லல?"



மெருகுச் சக்கரம் சுழன்றுகொண்டு வந்தது. "இந்த மூலையில யாரு?"

அடைப்பு பேச வாயெடுத்தது. அதற்கு முன் முன்பல் சொல்லிவிட்டது.

"என் மூலை உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. அந்த இடத்துல இருக்கிறது இவன். பார்த்துத் தொடு."