கப்பல் அரிசிக் கால்கள்

முன்னொரு காலத்தில், எலிகளே வெறுத்துப்போய்க் காலிசெய்துவிட்ட களஞ்சியங்களோடு ஒரு நாடு இருந்தது. மூன்று வருடப் பஞ்சம். கடலுக்கு அப்பாலிருந்த ஏழு நாட்டுப் பேரவை இரக்கப்பட்டு மாதம் ஒரு கப்பல் அரிசி அனுப்பிவந்தது. நாடு சொந்தக் காலில் நிற்கும்வரை கப்பல் வரும் என்று ஓலையில் எழுதியிருந்தது.

நான்காம் வருடம் மழை கொட்டி நெல் விளைந்தது. மன்னர் செண்பகவர்மருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பேரவைத் தூதர் பார்வையிட வருகிறார், எவனாவது சொந்தக் காலில் நிற்பதைக் கண்டால் கப்பல் நின்றுவிடும் என்று மந்திரி சடைமுடியார் காதில் ஓதியிருந்தார். கப்பல் அரிசியை இறக்கி அளப்பவர் அவர். அவர் வீட்டுக் கோழியே அதில்தான் கொழுத்திருந்தது.

தூதர் வந்து போகும்வரை எவரும் சொந்தக் காலில் நிற்கக் கூடாது, நின்றால் கால் போய்விடும் என்று முரசறைந்தார்கள்.

நாடே உட்கார்ந்தது. காவலர்கள் படுத்தபடி காவல் காத்தார்கள். பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊர் வந்துவிட்டது என்றார்கள். மன்னரும் நம்பினார். வயலில் நெல் மட்டும் ஆணையை மதிக்காமல் நின்றது. மணி முற்றி உதிரத் தொடங்கியது.

அரண்மனை விகடகவி குழைக்காதனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அரிவாளோடு வயலில் இறங்கி நின்று அறுத்தான். சடைமுடியார் இதற்காகத்தானே காத்திருந்தார். காவலர்கள் தவழ்ந்தே போய் அவனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். இரண்டு காலையும் வெட்டவேண்டும் என்றார் மந்திரி.

குழைக்காதன் கும்பிட்டுச் சொன்னான்: "மன்னர் பெருமானே, இவை என் சொந்தக் கால்கள் என்று யார் சொன்னது? மூன்று வருடம் கப்பல் அரிசி தின்று வளர்ந்த சதை. பேரவையின் சொத்து. வெட்டினால் தூதருக்குத் தாங்கள்தான் பதில் சொல்லவேண்டும்."

மன்னர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். "அப்படியானால் இவை?"

"இவையும்தான், பெருமானே. நாட்டில் ஒருவருக்கும் சொந்தக் கால் கிடையாது. எல்லோரும் தாராளமாக நிற்கலாம்."

மன்னர் எழுந்தார். நாடும் எழுந்தது. நாலே நாளில் அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு புது அரிசி பொங்கியது.

பத்து நாள் கழித்துத் தூதர் வந்தார். மன்னர் எழுந்து வரவேற்றதைக் கண்டு, இவை சொந்தக் கால்களா என்று கேட்டார். மன்னர் தவிப்போடு குழைக்காதனைப் பார்த்தார்.

"பத்து நாளாக நம் நெல்லைத்தானே உண்கிறோம்?" என்றான் அவன். "இப்போது சொந்தம்தான், பெருமானே."

மன்னர் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கப்பல் போனால் போகட்டும் என்று தோன்றியது. சபையில் சடைமுடியார் ஒருவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார். பதுக்கிவைத்த பழைய கப்பல் அரிசி மூட்டையைத்தான் அவர் இன்னும் தின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தூதரே, இனிக் கப்பல் வேண்டாம். ஆனால் உங்கள் கால்கள் இரண்டு இங்கே மிச்சம் இருக்கின்றன. மறக்காமல் எடுத்துப் போங்கள்."

குழைக்காதன் நின்று அறுத்த வயல் அவனுக்கே பரிசாயிற்று. மந்திரியின் கால்கள் கப்பலேறின. தனியே கழற்ற வழியில்லாததால் மந்திரியும் கூடவே போனார்.