உப்புத்தாள்

"மேடம், பர்வீன் கட்டுரையில நீங்க கையெழுத்துப் போடக் கூடாது."

ஆராய்ச்சி மாணவன் கதிரேசன் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"ஏன்?" என்றார் பேராசிரியர் எஸ்தர்.

"ரெண்டு பேரும் ஒரே மலை, ஒரே பாறை. ஒரே நாள்ல உடைச்சோம். என் சிர்கானுக்கு வயசு ஐம்பத்தஞ்சு கோடி வருஷம். அவளோடதுக்கு முந்நூத்தி நாப்பது கோடியாம்! எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

சிர்கான் என்பது பாறைக்குள் கிடக்கும் துகள், உப்புக் கல்லைவிடச் சின்னது. அதற்குள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிக்கொண்டிருக்கும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும். பர்வீனின் எண் சரியென்றால், அந்த மலைக்கு அடியில் பூமியின் ஆதிக் கண்டம் ஒன்று கிடக்கிறது. கண்டுபிடித்தவள் அவள், கதிரேசன் இல்லை. அதுதான் அவன் வயிற்றெரிச்சல். மோர் குடித்து ஆறுகிற எரிச்சலா அது?

"உன் வில்லையைக் கொண்டா."

பிசினில் துகள்களைப் பதித்த வில்லை. மேடம் உப்புத்தாளை நனைத்தார், வில்லையை அதில் வைத்துத் தேய்த்தார்.

"ஐயோ மேடம், துகள் போயிடும்!"

"நீ எவ்வளவு தேய்ச்சே?"

"லேசா. போயிடுமோன்னு பயம்."

"இந்தப் பொறாமை எப்ப வந்தது?"

அவன் திடுக்கிட்டான். மறுக்கவில்லை. "போன மாசம். அவ ரிசல்ட் வந்தப்ப."

மேடம் தேய்த்தார். "அதுக்கு முன்னாடி?"

"போன வருஷம். நீங்க அவளை மட்டும் மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

தேய்த்தார். "அதுக்கும் முன்னாடி?"

கதிரேசன் ஜன்னலைப் பார்த்தான்.

"அவ சேர்ந்த முதல் வாரம். பிசின்ல துகள் பதிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவைல செஞ்சுட்டா. எனக்கு நாலு மாசம் ஆச்சு, மேடம்."

மேடம் கையை நிறுத்தினார். வில்லையைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாரு."

பார்த்தான். துகளுக்கு நடுவே கருத்த உள்மணி ஒன்று. அதைச் சுற்றி, பிற்காலச் சூட்டில் வளர்ந்த வெளுத்த தோல். இத்தனை நாளும் அவன் அளந்தது தோலை.

"எனக்குள்ளயும் இருக்கு!" என்றான். துகளைத்தான் சொன்னான்.

சந்தோஷத்தில் திரும்பியபோது மேசைமேல் பர்வீனின் கட்டுரை கண்ணில் பட்டது. மேலே இருந்த தேதி இரண்டு வாரம் பழையது. அனுப்பக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

"இன்னும் கையெழுத்துப் போடலையா? உங்களுக்கும் சந்தேகமா, மேடம்?"

"ஒரு சந்தேகமும் இல்ல."

"அப்புறம்?"

மேடம் கை ஈரத்தைப் புடவையில் துடைத்தார்.

"அந்த மலைல நான் முப்பது வருஷமா கல்லு உடைக்கிறேன், கதிரேசா."

அவன் உப்புத்தாளை மறுபடி நனைத்தான். மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினான்.

மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால்.

"பேனா இருக்கா?" என்றார்.