இலை சுத்தம், மடி கனம்

முன்னொரு காலத்தில், விருந்து என்றால் ஊரே ஒரே பந்தியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்த நல்ல காலத்தில், பூபாலசிங்கன் என்றோர் அரசர் இருந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் ஒரு சந்தேகம் மனதில் நுழைந்துவிட்டால், பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கைப்போல அதைக் குடைந்து எடுக்காமல் ஓயமாட்டார்.

அந்த நாட்டில் அறுவடை முடிந்ததும் அரண்மனையில் நன்றி விருந்து நடக்கும். நன்றி மழைக்கு. அரசருடைய தந்தையின் ஆட்சியில் ஒருமுறை மழை பொய்த்து, குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். அப்போது கடல் கடந்து வந்த வணிகர்கள் ஒரு சோடி வான்கோழியைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். கூண்டை முற்றத்தில் இறக்கினார்களோ இல்லையோ, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழையை அழைத்து வந்தது பறவைதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சரி, மழையை அழைத்து வந்த பறவையை ஆண்டுதோறும் அடித்துத் தின்பது என்ன நன்றி என்று நீங்கள் கேட்பீர்கள். அதையெல்லாம் அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

விருந்துக்கு ஒரு விதியும் இருந்தது. வைத்த வான்கோழியில் ஒரு துணுக்குகூட இலையில் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் மழை கோபித்துக்கொள்ளும்.

பறவையோ முழுதாகச் சுட்டுக் கொண்டுவரப்படும். தோல் பொன்னிறமாக மின்னும். வாய்க்குள் போனால் தேங்காய் நார். ஆனாலும் பந்தி முழுக்க “ஆகா, அமிர்தம்!” என்ற சத்தம் ஓயாது. உரக்கச் சொல்பவர் வல்லபராயர். அரண்மனை வான்கோழிப் பண்ணை அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பறவையின் தயவில்தான் அவருக்குச் சபையில் முன்வரிசை ஆசனம், முதுகுக்குத் திண்டு, எல்லாம். வாய்விட்டுப் புகழாமல் என்ன செய்வார், பாவம்!

ஓர் ஆண்டு, விருந்து நெருங்கும் நேரத்தில் அரசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அமிர்தம் என்கிறார்கள். ஆனால் விழுங்கும்போது ஏன் எல்லோருடைய கண்ணும் பிதுங்குகிறது? நம் மக்கள் இதை உண்மையிலேயே விரும்பித்தான் உண்கிறார்களா?”

“என்ன ஐயம் அரசே!” என்று எழுந்தார் வல்லபராயர். “விருந்து முடிந்ததும் இலைகளைப் பாருங்கள். கழுவி வைத்ததுபோல் இருக்கும். பிடிக்காத பண்டத்தை யார் இப்படித் துடைத்து உண்பார்கள்?”

மூலையிலிருந்து ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது. சபை விகடகவி உறங்காப்புலிதான். பெயர் அப்படி, ஆள் மத்தியானம் ஆனால் தூணில் சாய்ந்துவிடுவார். அவர் ஒரு சொல் சொன்னால் அரசர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வல்லபராயருக்கு வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று கண்டார் ராயர்.

“அரசே, இந்தப் பொறுப்பை நம் மேதாவி உறங்காப்புலியிடமே விடலாமே? விருந்து முடிந்து பந்தி எழுவதற்குள் அவர் உண்மையை நிரூபிக்கட்டும். ஆனால் எவரிடமும் கேட்கக் கூடாது. மனிதர் வாய்மொழி எதுவும் சாட்சி ஆகாது. மனிதர் எதிரில் இருப்பவரின் முகத்துக்காகப் பொய் சொல்வார்கள் அல்லவா? நிரூபிக்காவிட்டால், அவர் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும்.”

வேறு நாளாக இருந்தால் அரசர் மறுத்திருப்பார். அதுவோ சந்தேகம் குடைகிற நாள். “அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார்.

உறங்காப்புலி வீட்டுக்குப் போனார். அன்று முதல் மத்தியானத் தூக்கம் போயிற்று. இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் குறட்டை நின்றதைத் தெருவே கவனித்ததே! விருந்து நாள் விடிந்தும் ஒரு வழி தோன்றவில்லை. மனைவி பொற்கிளி அதற்குள் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

“போறதுதான் போறோம், நிம்மதியாப் போவோம்” என்றாள் அவள். “வருசா வருசம் இந்த விருந்து முடிஞ்சா நம்ம வாசல்லதான் நாய்ச் சண்டை. அரண்மனையிலேருந்து வர்ற பெரிய மனுசனெல்லாம் மடியை அவுத்து இங்கதான் உதறிட்டுப் போறான். பாருங்க, இன்னும் விருந்தே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஏழெட்டு வந்து உக்காந்திருக்கு. போன வருசம் ருசி கண்ட நாயிங்க!”

உறங்காப்புலி எழுந்து வாசலுக்குப் போனார். நாய்களைப் பார்த்தார். நாய்கள் அவரைப் பார்த்தன.

“கிளி, மூட்டையைப் பிரி” என்றார்.

“ஏன், என்ன ஆச்சு?”

“சாட்சி வந்தாச்சு.”

விருந்து தடபுடலாக நடந்தது. பேரன் கல்யாணம், பக்கத்து வீட்டுப் பசு, எதிர்வீட்டு வம்பு என்று ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பந்தியில் கொட்டினார்கள். இப்போது யார் அப்படி உட்கார்ந்து பேசுகிறார்கள்! நடுவில் வான்கோழி வந்தது. “ஆகா, அமிர்தம்!” கண்கள் பிதுங்கின. சற்று நேரத்தில் எல்லா இலைகளும் பளிச்சென்று ஆயின. மிச்சத் தட்டுகள் சமையற்கட்டுக்குப் போய்க் கதவும் சாத்தியாயிற்று.

“நேரம் முடிகிறது” என்றார் வல்லபராயர், தலைப்பாகையை மெல்லச் சரிசெய்துகொண்டே. “உறங்காப்புலியாரே, மூட்டை கட்டியாயிற்றா?”

உறங்காப்புலி எழுந்துபோய்ப் பின்வாசலைத் திறந்துவிட்டார்.

வீட்டு வாசலிலிருந்து அவர் பின்னாலேயே வந்து அங்கே காத்திருந்த தெருநாய்கள் பாய்ந்து வந்தன. எந்த நாயும் இலையை முகரவில்லை. ஒன்று நேரே தளபதியின் இடுப்புக் கச்சையைக் கவ்வியது. இன்னொன்று புரோகிதரின் சால்வைக்குள் தலையை விட்டது. அந்தப்புரத்துப் பெண்கள் வரிசையில் சேலை மடிகளைப் பொத்திக்கொண்டு ஒரே கூச்சல். எல்லாவற்றிலும் பெரிய செவலை நாய் வல்லபராயரின் தோளில் முன்கால்களை ஊன்றி, தலைப்பாகையைத் தட்டிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு முழு நெஞ்சுத்துண்டு உருண்டு விழுந்தது.

“அரண்மனைக்குள் நாயா! காவலர்களே, இவனைப் பிடியுங்கள்!” என்று அலறினார் ராயர்.

“மனிதர் சாட்சி ஆகாது என்றது தாங்கள்தானே ராயரே?” என்றார் உறங்காப்புலி. “நாய் எப்போது மனிதர் ஆயிற்று? நான் எவரிடமும் ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. இவற்றுக்கு முகத்துக்காகப் பொய் சொல்லவும் தெரியாது.”

அப்போதுதான் ஒரு கறுப்பு நாய் மெதுவாக அரசர் இருந்த பக்கம் நடந்தது. அரசரின் பட்டுச் சால்வையை முகர்ந்தது. வாலை ஆட்டியது.

 உறங்காப்புலிக்கே முகம் வெளுத்துவிட்டது. இந்தச் சாட்சியை அவரும் எதிர்பார்க்கவில்லை.

அரசர் சால்வைக்குள் கையை விட்டு ஒரு கால்துண்டை எடுத்தார். அதைத் தம் முன்னிருந்த வெற்று இலையில் வைத்தார்.

“என் தந்தைக்கும் இது பிடிக்காது” என்றார். “பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். எல்லோரையும் பார்த்து ‘அமிர்தம்’ என்று தலையாட்டிக்கொண்டே, கீழே முழங்காலால் என்னை ஒரு இடி இடிப்பார். நான் கையை நீட்டுவேன். துண்டு வந்து விழும். எனக்கு அந்தப் பக்கம் அவருடைய வேட்டை நாய் படுத்திருக்கும். ஆண்டு முழுவதும் அரசராக இருந்தவர், அந்த ஒரு நாழிகைதான் எனக்குத் தந்தையாக இருந்தார்.”

பிறகு சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு மணிமுடி சரியும்வரை. பயந்துபோயிருந்த பந்தியும் சிரித்தது. தளபதி தன் கச்சையை அவிழ்த்து உதற, மறுபடி ஒரு சிரிப்பு.

“இனி இந்தப் பறவை வேண்டாம். நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார் அரசர்.

சிரிப்பு சட்டென்று நின்றது. “ஐயோ, வேண்டாம் அரசே!” என்று நாலு பக்கமிருந்தும் குரல். புரோகிதர்தான் துணிந்து சொன்னார்: “யார் எங்கே ஒளித்தார் என்று பேசிச் சிரித்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் அரசே விருந்து. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.”

வல்லபராயரின் முன்வரிசை ஆசனம் உறங்காப்புலிக்குப் போனது. கூடவே அரசர் தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவர் கையில் பூட்டினார். ராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது: விருந்து நாளில் தெருநாய்களுக்குப் பந்தி விசாரிப்பது.

“அது சரி, உன்னிடம் மட்டும் ஒரு நாயும் வரவில்லையே? உன் துண்டை எங்கே ஒளித்தாய்?” என்றார் அரசர்.

“தின்றுவிட்டேன் அரசே” என்றார் உறங்காப்புலி பரிதாபமாக. “என்னிடம் நாய் வந்தால் நான் பழக்கிய நாய் என்பார்களே. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.”

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு விருந்தில் அரசர் அவரைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். வான்கோழி வந்தது. அரசர் எல்லோரையும் பார்த்து, “ஆகா, அமிர்தம்!” என்றார். உறங்காப்புலியின் முழங்காலில் ஓர் இடி விழுந்தது. அவர் கையை நீட்டினார். அவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கறுப்பு நாய் தயாராகப் படுத்திருந்தது.

அந்த ஆண்டும் மழைக்குக் குறைவில்லையாம்.