துத்தி இலையின் இரண்டு பக்கம்

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், செடியும் பேசும். அவை பேசி முடிக்கும்வரை காத்திருக்க மனிதர்களுக்கும் பொறுமை இருந்தது. அப்போது துத்திச் செடியின் இலை இப்போதுபோல இல்லை. இரண்டு பக்கமும் சொரசொரவென்று இருக்கும். ஆனால் அதன் மஞ்சள் பூ காட்டிலேயே முதலில் மலரும். பொழுது கிளம்பும்போதே விரிந்துவிடும். தேனீக்கள் மற்ற பூக்களுக்குப் போகுமுன் துத்தியிடம் வந்துவிட்டுத்தான் போகும். செடிக்கு அதில் பெருமை உண்டு.

அந்தக் காட்டின் ஓரத்தில் கூத்தன் என்ற ஆட்டுக்காரனும் அவன் மனைவி நாச்சியும் குடியிருந்தார்கள். அது மழை பொய்த்த வருஷம். ஊற்றில் சுரக்கிற தண்ணீர் குடிக்கவே காணாது என்பதால், கால் கழுவ ஒருவரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு செய்திருந்தார்கள். வெளிக்குப் போகிறவர்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு துடைத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் கூழாங்கல், சிலர் மண்ணாங்கட்டி, சிலர் சோளத்தோகை, சிலர் ஏதாவது ஒரு காட்டு இலை. எது நல்லது என்று ஊருக்குள் சண்டைகூட நடந்தது.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் பாறைமேல் ஏறிய நாச்சி ஒருநாள் தவறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, மழைக்காலம் வரும்வரை எழுந்து உட்காரவே கூடாது என்று சொல்லிப் போனார். வீட்டில் வேறு ஆள் இல்லை. கூழ் காய்ச்சுவதும் தலை வாரிவிடுவதும் கூத்தன்தான். சட்டி வைத்து எடுத்து, கையில் கிடைத்த காட்டு இலையால் துடைத்துவிடுவதும் அவன்தான். அந்த நேரத்தில் நாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வெட்கத்தில் திரும்புகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அதனால் அவனும் பேசாமல் சீக்கிரமாக வேலையை முடித்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

நாளாக ஆக நாச்சி இளைத்துக்கொண்டே வந்தாள். கலயத்தில் ஊற்றி வைத்த கூழ் மட்டும் தினமும் காலியாகிவிடும். கூத்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்த வெள்ளாட்டங்குட்டிதான் அவனிடம் வந்து சொன்னது. கூழையெல்லாம் அவள் குட்டியான தனக்கே வைத்துவிடுகிறாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆனால் அவள் மெலிவதைப் பார்க்கத் தனக்குப் பயமாக இருக்கிறது என்றது.

கூத்தன் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏன் புள்ள சாப்பிடாம கிடக்கிற?"

நாச்சி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சாப்பிட்டாத்தான மாமா வெளிக்கு வருது. அந்த எல படுற இடமெல்லாம் புண்ணாப் போச்சு. நீ இத்தன செய்யும்போது அதையும் எப்படிச் சொல்ல?"

கூத்தனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் தலையைக் கொஞ்சநேரம் தடவிக்கொடுத்துவிட்டு, மெத்தென்ற இலை தேடிக் காட்டுக்குப் போனான்.

எருக்கு அவன் சொன்னதைக் கேட்டு வருத்தப்பட்டது. ஆனால் தன் பால் பட்டால் புண் இன்னும் எரியும், தன்னைப் பறிக்க வேண்டாம் என்றது. ஆமணக்கு தன் இலை அகலமே தவிர எளிதில் கிழிந்துவிடும் என்றது. மற்றச் செடிகளில் சில, இந்த வேலைக்கா கேட்கிறாய் என்று இலையைச் சுருக்கிக்கொண்டன. கூத்தன் வெறுங்கையோடு திரும்பிவந்து வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதான். அங்கேதான் துத்தி நின்றது.

துத்தி அவனிடம் விவரம் கேட்டது. பிறகு, தினமும் தன் பூவுக்கென்று கொஞ்சம் பட்டு நெய்து வைப்பதாகவும், அதில் மிச்சம் பிடித்தால் இலையில் ஒரு பக்கத்துக்குக் காணும் என்றும் சொன்னது. எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுவரச் சொன்னது.

கூத்தன் போய்ச் சொன்னான். மேல்பக்கம்தான் என்று அவனே முடிவும் செய்திருந்தான்.

நாச்சி முதன்முறையாக அவன் பக்கம் திரும்பினாள்.

"மேப்பக்கத்துலதான் தூசியும் காக்கா எச்சமும் கிடக்கும். நான் மொதல்லயிருந்தே கீழ்ப்பக்கம்தான்."

கீழ்ப்பக்கம் நரம்பு குத்தும், பூச்சி முட்டையிடும் என்றான் கூத்தன். இத்தனை நாளாக மேல்பக்கத்தாலா துடைத்துக்கொண்டு வந்தாய் என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று அவன் கோபமாகச் சொன்னான். நாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு வலிக்கிறது, சிரிக்கவைக்காதே என்று சொல்லிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அந்தச் சண்டையும் சிரிப்பும் பின்பக்கம் நின்ற செடிக்குக் கேட்டது. அது பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூவுக்கு வைத்திருந்த பட்டு முழுவதையும் எடுத்து இலையின் மேல்பக்கம் பரப்பியது. பிறகு கீழ்ப்பக்கமும் பரப்பியது. அதன் பிறகே பூவுக்குப் புதிதாக நெய்யத் தொடங்கியது.

காலையில் தேனீக்கள் வந்தன. மொட்டு மூடியே இருந்தது. சாயங்காலம் வாருங்கள் என்றது துத்தி. சில தேனீக்கள் மறுபடி வந்தன. பல, வேறு பூவுக்குப் போய்விட்டு அப்படியே மறந்துவிட்டன.

இலை பறிக்க வந்த கூத்தன் அதைக் கண்டு கலங்கினான்.

"எனக்காகவா உன் பூவ இப்படித் தாமதமாக்கிட்ட?"

"சாயங்காலமும் பொழுதுதானே," என்றது செடி. "இலையை மெல்லப் பறி. அவளிடம் போ."

புண் ஆறியது. நாச்சி கூழைத் தானே குடித்தாள். மழை வந்து ஊற்று நிறைந்தபோது கோலை ஊன்றி எழுந்து நடந்தாள். இனி இலை தேவையில்லை. ஆனாலும் தினமும் வெயில் தாழ்ந்ததும் கூத்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவாள். அந்த மஞ்சள் பூ விரிந்து முடிக்கும்வரை இருவரும் அதன் அருகில் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று முதல்தான் துத்தி இலை இரண்டு பக்கமும் பட்டுப்போல இருக்கிறது. அதன் பூ பொழுது சாய்ந்த பிறகு மலர்கிறது.