யானை அழுத்த முடியாத பொத்தான்

மழை விட்டும் விடாத ஒரு காட்டில், எல்லா விலங்குகளிடமும் கைபேசி இருந்தது. எல்லாக் கைபேசியிலும் ‘அகவல்’ என்றொரு செயலி இருந்தது. அதைச் செய்தது மயில்.

மயில் செய்தால் அழகுக்குக் கேட்கவா வேண்டும்! திறந்ததும் மயிலின் நடனப் படம். அதன் கீழே பெரிய இதயம். மூலையில் கடுகளவில் ‘உதவி’ப் பொத்தான்.

வெளியிடும் முன், தன் உறவு மயில்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தது. கூரிய அலகுகள் கொத்தின. “பிரமாதம் அண்ணா!” என்றன. அத்தோடு சோதனை முடிந்தது.

ஒருநாள் குட்டியானை சேற்றுக்குழியில் விழுந்துவிட்டது. தாய் இழுத்தது, முடியவில்லை. கைபேசியில் ‘உதவி’யைத் துதிக்கையால் அழுத்தியது. தடித்த துதிக்கை இதயத்தில் பட்டது. மறுபடி அழுத்தியது. மறுபடியும் இதயம்தான்.

அங்கே மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தாயா சிட்டு! யானையக்கா என் படத்துக்கு இதயமாக அள்ளிக் கொட்டுகிறார்!”

பக்கத்துக் கிளையில் கூட்டுக்கு இலை தைத்துக்கொண்டிருந்த தையல்சிட்டு நிமிர்ந்தது. “இதற்கு முன் எப்போதாவது போட்டிருக்கிறாரா?”

“இல்லை. இப்போதுதான் ரசனை வந்திருக்கிறது.”

“ரசிப்பவர்கள் இந்த வேகத்தில் அழுத்த மாட்டார்கள் அண்ணா. தவிப்பவர்கள்தான் அழுத்துவார்கள்.”

சிட்டு பறந்துபோய்ப் பார்த்தது. குட்டியின் கழுத்துவரை சேறு! சட்டென்று தன் அலகால் ‘உதவி’யைக் கொத்தியது. யானைக் கூட்டம் ஓடிவந்தது, குட்டி பிழைத்தது.

காடே திரண்டு மயிலிடம் போனது. மயிலோ, “செயலியில் பிழையே இல்லை. அழுத்தத் தெரியாதவர்கள் பழகிக்கொள்ளட்டும்” என்றது.

இது நியாயமா? துதிக்கையைச் சீவிக்கொண்டா வர முடியும்? ஆனால் யானை தலையைக் குனிந்துகொண்டது. “என்மேல்தான் தப்பு தம்பி.”

அதுதான் சிட்டுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, அலகை நீட்டுங்கள்!” என்றது. மயில் பெருமையாக நீட்டியது. சிட்டு ஒரு தேக்கிலையை அலகின்மேல் சுற்றி, சரசரவென்று தைத்துவிட்டது.

“இப்போது ‘உதவி’யை அழுத்துங்கள். உடனே பிரித்துவிடுகிறேன்.”

மயில் அழுத்தியது. இதயம். இன்னொரு முறை. இதயம்.

“அடேயப்பா! தன் படத்துக்குத் தானே இதயம் போடுகிறார்!” என்று குரங்கு கைகொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். மயிலால் வாய் திறந்து கத்தவும் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

யானை மட்டும் சிரிக்கவில்லை. “போதும் சிட்டு, பிரித்துவிடு. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும்.”

இலை கழன்றதும் மயில் சொன்னது: “அக்கா, நாளைக்கு என் பக்கத்தில் உட்கார்வீர்களா? நீங்கள் அழுத்துங்கள், நான் பார்க்கிறேன்.”

சொன்னபடியே செய்தது. அதுமட்டுமா? அந்தத் தேக்கிலையைத் தானே அலகில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தது. அதற்கும் ஒரு மனசு வேண்டும்! ‘உதவி’ தாமரை இலைபோல் விரிந்தது. இதயம் மூலைக்குப் போனது.

புதிய செயலி வந்த முதல் நாளே குட்டியானை ‘உதவி’யை விளையாட்டாக மிதித்துவிட்டது. காடே மூச்சிரைக்க ஓடிவந்தது. யாரும் திட்டவில்லை. முதலில் வந்து நின்றது மயில்தான்.

நீதி: தடுக்கி விழுந்தவரைக் குறை சொல்லும் முன், வழியைப் போட்டவர் அவரைப்போல் அதில் நடந்து பார்க்க வேண்டும்.