“விடு!” என்றது ஓணான்

கள்ளிக்காட்டின் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன் அடியில் செம்பி என்ற அரணை குடியிருந்தது. அதன் வால் பழுத்த மிளகாய் போலச் சிவந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

பாறைக்கு மேலே ஒரு வேலமரம். அதன் தாழ்ந்த கிளையில் ஓணான் உட்கார்ந்திருக்கும். காவல் காப்பது அதன் வேலை. கீரியோ வல்லூறோ கண்ணில் பட்டால் ஓணான் படபடவென்று தலையாட்டும். உடனே கீழே இருக்கும் எல்லா உயிர்களும் பொந்துக்குள் ஓடிவிடும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

செம்பி மட்டும் ஓடாது.

“ஏ செம்பி! ஓணான் தலையாட்டுவது தெரியவில்லையா?” என்று அணில் ஓடிக்கொண்டே கத்தும்.

“தெரிகிறது. அது சொல்லி நான் ஒளிய வேண்டுமா?” என்று செம்பி அங்கேயே நிற்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் ஒருநாள் வானத்தில் வல்லூறு வட்டமிட்டது. ஓணான் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் கீரி தரை வழியாக வந்தது. ஓணான் அதைக் கவனிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. கீரி பாறைக்கடியில் புகுந்து செம்பியின் முட்டைகளை எல்லாம் தின்றுவிட்டது. தடுக்கப் போன செம்பிக்கு வாலில் ஒரு கடி. உயிர் பிழைத்ததே பெரிது.

ஓணான் அன்றே மரத்திலிருந்து இறங்கி வந்தது. “தப்பு என்னுடையதுதான், செம்பி. மேலே பார்த்தேன், கீழே பார்க்கவில்லை” என்றது.

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறைக்கடியில் போய்விட்டது.

வாலில் கீரியின் பல் தடம் நின்றுவிட்டது. தினமும் காலையில் செம்பி உடம்பை வளைத்து அந்தத் தடத்தைப் பார்க்கும். பார்த்த பிறகுதான் இரை தேடப் போகும்.

“அரணை என்றாலே மறதி என்பார்கள். கடிக்க ஓடிவந்து, எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிற குலமாம் உன் குலம்! அதில் நீ எப்படி வந்து பிறந்தாய்?” என்று அணில் கேலி செய்தது.

“என் குலம் மறந்தால் மறக்கட்டும். நான் மறக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்!” என்றது செம்பி. அதைச் சொல்லும்போது அதற்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து முட்புதருக்குள் இருந்த செம்போத்து இதைக் கேட்டது. செம்போத்து அதிகம் பறக்காது. புதருக்குள் சத்தமில்லாமல் நடந்தே வேட்டையாடும். அதன் கண்கள் குன்றிமணி போலச் சிவப்பு.

‘விடவே மாட்டாயா? அப்படியென்றால் உன்னைப் பிடிப்பது சுலபம்’ என்று அது நினைத்துக்கொண்டது.

இந்தக் கோடையில் செம்பி மறுபடியும் முட்டையிட்டது. இரவும் பகலும் அவற்றின் பக்கத்திலேயே கிடந்தது. இந்த முறை அது தேர்ந்தெடுத்த பாறை இடுக்கு மிகக் குறுகல். செம்போத்தின் தலை அதற்குள் நுழையாது. ஆனால் கட்டெறும்பு நுழையும். தாய் கொஞ்ச நேரம் இல்லாவிட்டாலும் போதும், எறும்புகள் முட்டைகளைத் துளைத்துவிடும்.

ஒரு நண்பகல். வெயில் தகித்தது. புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“தங்கச்சி! ஒன்று சொன்னால் வருத்தப்பட மாட்டாயே?”

“யாரது?” என்று செம்பி தலையை நீட்டியது.

“உனக்கு வேண்டியவன்தான். நேற்று ஓணான் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ‘கீரி வந்ததற்கு நான் என்ன செய்வது? முட்டையைச் சரியாக மூடி வைக்கத் தெரியாதவள் அவள்’ என்றான்.”

செம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “அப்படியா சொன்னான்!”

“இன்னும் எவ்வளவோ சொன்னான். எல்லாவற்றையும் இங்கிருந்து கத்தினால் நன்றாகவா இருக்கும்? கொஞ்சம் பக்கத்தில் வாயேன்.”

மேலே இருந்த ஓணான் அந்த நேரம் கீழே பார்த்தது. முள்ளுக்கிடையில் செம்பழுப்பு இறகு ஒன்று அசைந்தது. ஓணான் தலையாட்டியது. கிளையே குலுங்கும்படி ஆட்டியது.

செம்பி அதைப் பார்த்தது. “நன்றாக ஆட்டு! அன்றைக்கு மட்டும் கழுத்து சுளுக்கியிருந்ததோ?” என்று கத்திவிட்டுப் புதரை நோக்கி ஓடியது.

செம்போத்து பாய்ந்தது!

செம்பி சட்டென்று திரும்பிக் கள்ளியின் அடியில் புகுந்தது. உடம்பு உள்ளே போய்விட்டது. வால் வெளியே இருந்தது. செம்போத்தின் கால் அதன்மேல் விழுந்து அழுத்தியது. செம்பி ஒரு வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. முள் தடுத்ததால் அலகு உடம்பை எட்டவில்லை. செம்போத்து நகத்தை வாலில் பதித்து மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தது.

“எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பாய், தங்கச்சி? எனக்கு அவசரமில்லை” என்றது.

வேர் லேசாக மண்ணைவிட்டுக் கிளம்பியது.

“விடு! விடு!” என்று மேலிருந்து ஓணான் கத்தியது.

செம்போத்து சிரித்தது. “நான் ஏன் விட வேண்டும்? நல்ல ஆளப்பா நீ!”

“கெஞ்சினால் விடுகிற பறவையா இது? சும்மா இரு!” என்று செம்பியும் முனகியது.

ஓணான் மரத்திலிருந்து இறங்கியது. தரைக்கே வந்துவிட்டது. செம்போத்து ஒரு எட்டு வைத்தால் எட்டிவிடும் தூரம். 

“நான் செம்போத்திடம் சொல்லவில்லை! உன்னிடம்தான் சொல்கிறேன், செம்பி! வாலை விடு! நீ அரணை, உன்னால் முடியும்!”

செம்பி திகைத்தது. அதன் பிடியில் வேர் மேலும் தளர்ந்தது.

“மாட்டேன்! இந்தத் தடத்தையும் விட்டுவிட்டால், நீ செய்ததற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?”

“நான் செய்தது எனக்கு மறக்காது. அதை நான் சுமந்துகொள்கிறேன். நீ விடு!”

அப்போதுதான் செம்பி பாறையின் பக்கம் பார்த்தது. கருப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கட்டெறும்புகள். கோட்டின் முனை இடுக்குக்குள் போய்விட்டிருந்தது.

எப்படி விடுவது என்று செம்பிக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அதன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. முதுகிலிருந்து ஒரு நடுக்கம் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

வால் தனியே வந்துவிட்டது!

அறுந்த வால் செம்போத்தின் காலடியில் துள்ளியது, சுருண்டது, மறுபடி துள்ளியது. செம்போத்து அதையே கொத்திக்கொண்டிருந்தது. மொத்த அரணையும் கிடைத்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ! அது நிமிர்ந்தபோது செம்பி பாறை இடுக்குக்குள் மறைந்திருந்தது. ஓணான் பாதி மரம் ஏறியிருந்தது.

செம்போத்து வாலை விழுங்கியது. “சே! இவ்வளவுதானா?” என்று முணுமுணுத்தபடி புதருக்குள் போய்விட்டது.

பாறைக்கடியில் செம்பி எறும்புகளைக் கவ்விக் கவ்வி வெளியே தள்ளியது. ஒரு முட்டையை அவை ஏற்கெனவே துளைத்துவிட்டன. மற்றவை பிழைத்தன.

மறுநாள் காலை செம்பி பழக்கப்படி உடம்பை வளைத்தது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதன் பிறகு என்ன செய்வதென்று அதற்குப் புரியவில்லை.

மேலே ஓணான் தலையாட்டியது. செம்பி சட்டென்று பொந்துக்குள் ஓடியது. அணிலுக்கு முன்பே ஓடிவிட்டது!

ஆபத்து விலகியதும் செம்பி வெளியே வந்து மேலே பார்த்தது.

“எனக்கு முட்டையை மூடி வைக்கத் தெரியாது என்று சொன்னாயா?”

“நானா? உன் பெயரைச் சொல்லவே எனக்குப் பயம்!” என்றது ஓணான்.

செம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது: “நான் எதையும் மறக்கவில்லை.”

“தெரியும்.”

“ஆனால் இனி நீ தலையாட்டினால் உள்ளே போவேன்.”

“எனக்கு அது போதும்” என்றது ஓணான். சொல்லிவிட்டு ஒருமுறை மேலே பார்த்தது. ஒருமுறை கீழே பார்த்தது.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்தபோது செம்பிக்குப் புது வால் முளைத்துக்கொண்டிருந்தது. குட்டையான வால். நிறமும் மண் நிறம்தான்.

“செம்பி என்ற பெயரை இனி மாற்றிவிடலாமா?” என்று அணில் கேட்டது.

“வேண்டாம். அதோ பார்!” என்றது செம்பி.

பாறைமேல் குஞ்சுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனை வாலும் சிவப்பு.

பட்ட காயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரை அந்தக் காயத்தைக் கொண்டே யாரும் பிடித்துவிடலாம். அதை விட்டவருக்குத்தான் புதிதாக முளைக்கும்.