முகத்துக்கு எட்டாத வால்

அந்தக் காலத்தில், மனிதரும் விலங்கும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, குதிரை மாதிரிக் கோபக்காரப் பிராணி இந்தப் பூமியில் வேறு இருந்ததில்லை. யாராவது பக்கத்தில் வந்து நின்றாலே அதற்குப் பொறுக்காது. முதலில் காதை மடக்கும், பிறகு பல்லைக் காட்டும், அதற்கும் நகராவிட்டால் பின்னங்கால் பேசும். குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது சும்மா வந்த பேச்சு இல்லை.

ஒரு வருஷம் மழை விட்டபின் ஈயும் கொசுவும் தாங்க முடியாமல் பெருகிவிட்டன. எல்லாப் பிராணிகளும் ஆண்டவனிடம் போய் முறையிட்டன. அவர் எருமைக்குச் சேற்றைக் காட்டினார். யானைக்குப் புழுதியை வாரி மேலே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்கு ஒரு வாலும் கூடவே துணைக்கு ஒரு கொக்கும் கிடைத்தன. குதிரையின் முறை வருவதற்குள் அது முன்னால் நின்ற கழுதையை இரண்டு உதை உதைத்திருந்தது. ஆண்டவன் அதைக் கண்டும் காணாதது போல, அடர்த்தியாக முடி வைத்த நீண்ட வால் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

குதிரை வாலை வீசிப் பார்த்தது. தொடைக்கு எட்டியது, விலாவுக்கு எட்டியது. முகத்துக்கு எட்டவில்லை.

"மூஞ்சிக்கு என்ன செய்ய? கண்ணுலதானே ஈ வந்து மொய்க்குது?" என்று கேட்டது.

"மூஞ்சிக்கும் சேத்துத்தான் அளந்து குடுத்திருக்கேன். போய்ப் பாரு" என்றார் ஆண்டவன்.

நம்மை ஏமாற்றி அனுப்பிவிட்டார் என்று கறுவிக்கொண்டே குதிரை திரும்பியது. அந்தக் கறுவல் அதன் வம்சத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு மேய்ச்சலுக்கு ஒரு குதிரை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே வாழ்ந்தது. இன்னொரு குதிரை எல்லை தாண்டினால் கடி, இல்லாவிட்டால் உதை.

அந்த வம்சத்தில் வந்த செவலை என்ற பெண்குதிரை, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மணல்மேட்டில் வாழ்ந்தது. அங்கே அதன் குளம்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. தனியாக இருப்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அது காற்றிடம் அடிக்கடி சொல்லும். காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கரியன் என்ற ஆண்குதிரை இருந்தது. இரண்டுக்கும் ஒரே நன்னீர் ஊற்று. முன்பொரு நாள் அந்த ஊற்றில் இரண்டும் கடித்துக்கொண்டு ரத்தம் பார்த்ததோடு சரி, அப்புறம் காலையில் செவலையும் மாலையில் கரியனும் வந்து குடித்துவிட்டுப் போவதென்று ஆகிவிட்டது. ஒன்றின் முகத்தில் மற்றது விழித்ததில்லை.

ஒரு நாள் புதருக்குள் மேய்ந்தபோது சூரை முள் ஒன்று செவலையின் இடக்கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் ஈக்கு அது போதும். விடிந்ததும் ஈக்கள் வந்து உட்காரும், வெயில் தாழ்ந்ததும் கொசுக்கள் அந்த இடத்தை வாங்கிக்கொள்ளும். செவலை தலையை உதறியது, ஓடிப் பார்த்தது, கழுத்து வரை கடலில் இறங்கி நின்றது. கரையேறியதும் அவை காத்திருந்தவை போல மறுபடி மொய்த்தன. புண் பெரிதாகிக் கண்ணை மூட ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் போன மைனாவைக் கூப்பிட்டது. "கொஞ்சம் வந்து இந்த ஈயைப் பொறுக்கிட்டுப் போயேன்."

"வரலாம்தான்" என்றது மைனா, கிளையை விட்டு இறங்காமல். "எங்க சித்தப்பா ஒருநாள் ஒன் பின்னங்கால்கிட்ட வந்து பூச்சி பொறுக்கினாரே, ஞாபகம் இருக்கா? நீ ஒதைச்ச ஒதையில அவரு இன்னும் கோணலாத்தான் பறக்குறாரு."

வந்து விசாரித்தது ஒரு நரி மட்டும்தான். தினமும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்கும். கண் தெரியாத குதிரை அந்த மேட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று நரிக்கும் தெரியும், செவலைக்கும் தெரியும். செவலைக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அப்போதுதான் உப்பளத்து ஓரத்தில் புகை தெரிந்தது. அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு காத்தாயி என்பவள் தனியாக இருந்தாள். உப்பு வாருகிறவள். அண்ணன் பெண்டாட்டி பவுனோடு சண்டை போட்டுக்கொண்டு, "ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லி ஊரை விட்டு வந்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். செவலை அந்தப் புகையைத் தேடி வந்து தள்ளி நின்றது.

"யாரு அங்க நிக்கிறது?" என்றாள் காத்தாயி.

"நான்தான், செவலை. கண்ணுல புண்ணு."

"அட, ஒதைக்கிற குதிரையா? சரி, வந்து பொகைக்குள்ள நில்லு. எனக்கும் பேச ஆளு இல்ல."

செவலை தயங்கித் தயங்கிப் போய் நின்றது. புகைக்குள் ஈ வரவில்லை. காத்தாயி புண்ணைக் கழுவி வேப்பெண்ணெய் தடவினாள், முந்தானையால் முகத்துக்கு விசிறினாள். மறுநாளும் செவலை போனது. அதற்கடுத்த நாள் கூப்பிடாமலே போனது. காத்தாயி அண்ணன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள், அவர்களை நினைத்தால் தூக்கம் வராது என்பாள். செவலை கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த மாலை நேரத்துக்காகவே அதற்குப் பொழுது விடிய ஆரம்பித்தது.

கண் பாதி திறந்திருந்த ஒரு மாலையில், மூட்டத்துக்குத் தழை எடுக்கக் காத்தாயி செவலையின் பின்பக்கமாகப் போனாள். அதே நேரம் பெரிய மாட்டு ஈ ஒன்று செவலையின் தொடையில் நறுக்கென்று கடித்தது. திரும்பிப் பார்க்கும் பழக்கம் எந்தக் காலத்தில் குதிரைக்கு இருந்தது? உதைத்துவிட்டது.

உதை காத்தாயியின் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் செவலைக்கே கேட்டது.

அது ஓடியது. மேட்டுக்கு இல்லை, ஊருக்குள். காத்தாயி பேச்சில் சொல்லிக் கேட்டிருந்த அடையாளத்தை வைத்து நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, மூச்சு வாங்க, "காத்தாயிக்குக் கால் ஒடஞ்சிருச்சு. நான்தான் ஒதைச்சேன்" என்றது. உள்ளேயிருந்து முதலில் ஓடிவந்தவள் பவுனு. கையில் பிசைந்த மாவு அப்படியே இருந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் உப்பளத்தைப் பார்த்து ஓடினாள்.

காத்தாயியை வண்டியில் ஏற்றியபோது பவுனு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். செவலை தள்ளி நின்றது. கிட்டப் போக அதற்கு வெட்கமாக இருந்தது.

"ஒம்மேல கோவம் இல்லடி" என்றாள் காத்தாயி, வலியோடு. "பாத்து ஒதைச்சிருந்தாத்தான் கோவம் வரும். இனிமேலாச்சும் பின்னால நிக்கிறது யாருன்னு பாத்துட்டு ஒதை."

வண்டி போய்விட்டது. மூட்டம் கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அணைந்தது. அன்றைக்குத்தான் செவலைக்குத் தனிமை என்றால் என்னவென்று புரிந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் வெறும் பிடிவாதம்.

ஈக்கள் திரும்ப வந்தன. புண் மறுபடி வாய் திறந்தது. நரியும் வந்து உட்கார்ந்துகொண்டது. இடக்கண் முழுசாக மூடிப்போன அன்று, தாகம் தாங்காமல் செவலை நேரம் தப்பி மாலையில் ஊற்றுக்குப் போனது. அங்கே கரியன் நின்றது. அதன் நிலைமை இன்னும் மோசம். இரண்டு கண்ணிலும் ஈ அப்பியிருந்தது, கண்ணீர் வடிந்து கன்னத்தில் கோடு விழுந்திருந்தது.

"இது என் நேரம்" என்றது கரியன்.

"தெரியும். குடிச்சிட்டுப் போ."

"எங்க போக? வழி தெரியல."

செவலை தண்ணீருக்குக் குனிந்தது. அந்த நேரம் கரியன் தன் தொடையில் இருந்த ஈயை விரட்ட வாலை வீசியது. அந்தக் காற்று செவலையின் முகத்தில் பட்டது. கண்ணில் இருந்த ஈக்கள் ஒரு நொடி எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

ஒரு நொடிதான். ஆனால் எத்தனை நாளைக்கு அப்புறம் கிடைத்த நொடி!

வால் சரியாக முகத்தில் படவேண்டுமானால் இன்னும் கிட்டப் போகவேண்டும். கிட்ட என்றால் கரியனின் பின்னங்காலுக்குப் பக்கத்தில். ஒரு உதையில் தாடை தூளாகிவிடும். உதை என்ன செய்யும் என்று செவலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கரியா, நான் ஒன் பின்னால வந்து நிக்கப்போறேன். ஒதைப்பியா?"

கரியன் யோசித்தது. "தெரியல" என்றது. பொய் சொல்லவில்லை.

செவலை கண்ணை மூடிக்கொண்டு, தன் பின்பக்கம் கரியனின் தலைப்பக்கம் வரும்படி ஒட்டி நின்று, தன் முகத்தைக் கொண்டுபோய் அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்தது.

கரியனின் தோல் நடுங்கியது. கால் உயர்ந்தது. தூரத்தில் நரி எழுந்து நின்றது. அதே சமயம் பயத்தில் செவலையின் வால் தானாக வீச, அது கரியனின் முகத்தில் போய் விழுந்தது. கண்ணில் அப்பியிருந்த ஈக்கள் கலைந்தன. கரியன் கண்ணைத் திறந்து பார்த்தது. தன் பின்னால் யார் நிற்கிறது என்று பார்த்தது. உயர்த்திய காலை மெதுவாகக் கீழே வைத்தது.

"இன்னொரு தடவை வீசு" என்றது.

ஒன்று கடலைப் பார்த்தும் ஒன்று உப்பளத்தைப் பார்த்தும் இரண்டும் நின்றன. ஒன்றின் வால் மற்றதன் முகத்துக்கு, வெட்டித் தைத்தது போலச் சரியாக எட்டியது. ஆண்டவன் அளந்தது எந்த முகத்துக்கு என்று அப்போதுதான் விளங்கியது. நரி வேறு ஊர் பார்த்துப் போனது.

கண்கள் ஆறின. அவற்றைப் பார்த்து மற்ற குதிரைகளும் தலைமாற்றி நிற்கப் பழகிக்கொண்டன. செவலையும் கரியனும் பல மழைக்காலம் அப்படியே நின்றன. பிறகு ஒரு கோடையில் கரியன் படுத்தது. எழுந்திருக்கவில்லை.

செவலை பழைய இடத்திலேயே, பழைய திசையைப் பார்த்தே நின்றது. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் அதன் வால் மட்டும் ஒரு முகத்தின் உயரத்துக்கு வீசிக்கொண்டே இருந்தது. அதன் சொந்தக் கண்ணில் ஈ மொய்த்தது.

கம்பை ஊன்றிக்கொண்டு, விந்தி விந்தி ஒருத்தி மேடேறி வந்தாள். காத்தாயி. அவள் செவலையைப் பார்த்தாள், கீழே கிடந்த கரியனைப் பார்த்தாள்.

"என்னோட வீட்டுக்கு வர்றியா?"

"அவன் இங்கதான் இருக்கான்" என்றது செவலை.

காத்தாயி இடுப்பிலிருந்த கத்தியால் கரியனின் வால்முடியைக் கொஞ்சம் அறுத்தாள். மணலில் உட்கார்ந்து அதை ஒரு கயிற்றில் வரிசையாக முடிந்தாள். எழுந்து, செவலையின் பின்பக்கமாகத்தான் வந்தாள். செவலை திரும்பிப் பார்த்தது, யாரென்று தெரிந்ததும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. காத்தாயி கயிற்றை அதன் நெற்றியில் கட்டினாள். முடி கண்ணின் மேல் சரிந்து விழுந்தது. செவலை தலையை அசைத்தது. ஈக்கள் பறந்தன.

அன்று முதல்தான் இரண்டு குதிரைகள் இருந்தால் தலைமாற்றி நிற்கின்றன. அன்று முதல்தான் ஒற்றைக் குதிரை வைத்திருக்கிறவர்கள் அதன் நெற்றியில் குஞ்சம் கட்டுகிறார்கள். அழகுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நாம் பார்த்துவிட்டுப் போகிறோம். பக்கத்தில் நிற்க வேண்டிய குதிரையின் வால் அது.